சாலை உயர்ந்தது, வீடு பள்ளமானது: தேங்கிய வெள்ளத்தை இறைப்பது யார் பொறுப்பு?

மழை நின்று ஆறு மணி நேரம் ஆகிவிடுகிறது. பெரிய சாலையில் கார்கள் ஓடத் தொடங்கிவிடுகின்றன. "வெள்ளம் வடிந்தது" என்று செய்தியும் வந்துவிடுகிறது. ஆனால் சாலையைவிடத் தாழ்ந்து நிற்கும் வீட்டின் கூடத்திலும், அடுக்ககத்தின் பேஸ்மெண்ட் கார் நிறுத்துமிடத்திலும் தண்ணீர் அப்படியே நிற்கிறது. அது தானாக வடியாது. யாராவது இறைக்க வேண்டும்.

வடகிழக்குப் பருவமழை ஒவ்வோர் ஆண்டும் நவம்பரில் தொடங்கி மார்ச் வரை நீடிக்கிறது. அந்த மாதங்களில் துயர் துடைப்பு மையங்கள், உணவுப் பொட்டலங்கள், உதவித்தொகை ஆகியவை பற்றி நிறையப் பேசப்படுகின்றன. மையத்திலிருந்து வீடு திரும்பும் குடும்பம் முதலில் எதிர்கொள்ளும் வேலை தேங்கிய நீரை வெளியேற்றுவதுதான். அதைப் பற்றிப் பேச்சே இல்லை. அதற்கு எந்தக் கருவி வேண்டும், எவ்வளவு நேரம் ஆகும், யார் செய்ய வேண்டும், யார் பணம் கொடுக்க வேண்டும் என்ற கேள்விகள் ஒவ்வொரு வெள்ளத்திலும் புதிதாக எழுகின்றன. அவசரத்தில் எடுக்கும் தவறான முடிவு சுவரையும் சாய்க்கும், உயிரையும் பறிக்கும்.

நம் நாட்டின் ‘பேஸ்மெண்ட்’ எது?

குளிர் நாடுகளில் பல வீடுகளுக்கு நிலத்தடித் தளம் உண்டு. மலேசியாவில் தனி வீடுகளில் அது குறைவு. மலைச்சரிவில் கட்டப்பட்ட சில வீடுகளிலும், நகரத்து அடுக்ககங்களின் கார் நிறுத்துமிடங்களிலும்தான் அதைப் பார்க்கலாம். ஆனால் பெயர் இல்லாமலே பேஸ்மெண்ட் ஆகிப்போன வீடுகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன.

எழுபது, எண்பதுகளில் கட்டப்பட்ட தரை வீடுகளை எடுத்துக்கொள்ளலாம். கட்டியபோது வீட்டுத் தரை சாலையைவிட ஓரடி உயரத்தில் இருந்திருக்கும். பிறகு பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதுத் தார் போடப்பட்டது. ஒரு பூச்சு நான்கைந்து செண்டிமீட்டர் கனம் என்று வைத்துக்கொண்டாலும், நான்கு முறை போட்டால் சாலை 20 செண்டிமீட்டர் உயர்ந்துவிடும். பக்கத்தில் புதிதாக வந்த வீடமைப்புத் திட்டம் மண் கொட்டித் தன் நிலத்தை மேடாக்கிக்கொள்ளும். பழைய தாமான் நடுவில் பள்ளமாக நிற்கும். வீட்டுக்காரர் வாசலில் ஒரு திண்டு கட்டுவார். வாசல் வழியே வர முடியாத தண்ணீர் கழிவறைத் துளை வழியாக மேலே வரும்.

தோட்டப்புறத்திலும் நிலைமை இதுதான். பல தோட்டங்களில் மேட்டு நிலம் பயிருக்கும் மானேஜர் பங்களாவுக்கும் போனது. லயத்து வீடுகள் ஆற்றோரத் தாழ்வில் அமைந்தன. தோட்டத்தை விட்டு நகரத்துக்கு வந்த குடும்பங்களுக்குக் கையில் இருந்த பணத்துக்குக் கிடைத்ததும் பெரும்பாலும் தாழ்வான நிலத்துத் தரை வீடு அல்லது மலிவு விலை அடுக்குமாடி வீடு. ஆகவே தேங்கும் நீர் நம் சமூகத்துக்குப் புதிய செய்தி அல்ல. அதை வெளியேற்றும் முறைதான் இன்னும் வீட்டுக்கு வீடு வேறுபடுகிறது.

2021 டிசம்பர் காட்டிய பாடம்

2021 டிசம்பர் 18ஆம் தேதி கிள்ளான் பள்ளத்தாக்கில் ஒரு மாதத்துக்கு உரிய மழை ஒரே நாளில் கொட்டியது. தமிழ்க் குடும்பங்கள் கணிசமாக வாழும் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா அந்த வெள்ளத்தின் அடையாளமாகவே மாறியது. மக்கள் கூரைகளிலும் மேல்மாடிகளிலும் காத்திருந்தார்கள். நாடு முழுவதும் 50க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். பகாங்கில் மெந்தகாப், தெமெர்லோ, காராக் வட்டாரங்களும் பெரும் பாதிப்பைச் சந்தித்தன.

தாமான் ஸ்ரீ மூடாவில் மழை நின்ற பிறகும் தண்ணீர் உடனே வடியவில்லை. காரணம் எளிமையானது. அது கிள்ளான் ஆற்றை ஒட்டிய தாழ்வான பகுதி. ஆற்று நீர் உள்ளே வராமல் தடுக்கும் கரை, உள்ளே பெய்த மழை வெளியே போகவும் தடையாகிறது. ஆற்று மட்டம் உயர்ந்திருக்கும்போது மதகைத் திறந்தால் ஆறு உள்ளே வந்துவிடும். அப்போது பம்புதான் ஒரே வழி. கிள்ளானில் இன்னொரு சிக்கலும் உண்டு. கிள்ளான் துறைமுகத்தில் பெரிய கடல்பெருக்கு 5 மீட்டரைத் தாண்டும். கடல் ஏறும் நேரத்தில் ஆறு வடிய இடமில்லை.

அதாவது, ஒரு தாமான் முழுவதுமே ஒரு பேஸ்மெண்ட் போல இயங்குகிறது. சுற்றிலும் சுவர், நடுவில் பள்ளம், வெளியேற்ற ஒரு பம்பு. அந்தப் பம்பு ஓடாவிட்டால் ஒவ்வொரு வீட்டுக்காரரும் வாளி எடுத்து இறைப்பதில் பயனில்லை. தன் வீட்டுத் தண்ணீர் தெருவுக்குப் போகும். தெருத் தண்ணீர் மறுபடி வீட்டுக்கு வரும்.

2023 மார்ச் மாதத்தில் ஜொகூர் இதையே வேறு விதத்தில் கண்டது. சிகாமட், யோங் பெங், பத்து பஹாட் வட்டாரங்களில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒரே நேரத்தில் மையங்களில் தங்கினர். மற்ற இடங்களில் நீர் வடிந்த பிறகும் பத்து பஹாட்டில் வாரக்கணக்கில் நின்றது. நிலம் தட்டையாகவும் தாழ்வாகவும் இருந்ததால் தண்ணீருக்குப் போக்கிடமில்லை.

2021 வெள்ளத்தின் மொத்த இழப்பு 610 கோடி ரிங்கிட் என்று மலேசியப் புள்ளிவிவரத் துறை மதிப்பிட்டது. அதில் குடியிருப்புகளுக்கு ஏற்பட்ட இழப்பு மட்டும் 160 கோடி ரிங்கிட். வாகனங்களுக்கு 100 கோடி. அப்போது குடும்பத் தலைவருக்குக் கிடைத்த ஆரம்ப உதவித்தொகை 1,000 ரிங்கிட். ஒரு துணி துவைக்கும் இயந்திரமும் ஒரு மெத்தையும் வாங்கினால் அது தீர்ந்துவிடும். அடுத்த மாதம் பொங்கலும் தைப்பூசமும் வந்தபோது பல வீடுகளில் சேற்று வாடைகூடப் போயிருக்கவில்லை.

எவ்வளவு தண்ணீர், எத்தனை மணி நேரம்?

இறைக்கும் வேலையின் அளவைக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் புரியும். 20 அடி அகலமும் 70 அடி நீளமும் உள்ள தரை வீட்டில் ஓரடி நீர் நின்றால் அது ஏறக்குறைய 39,000 லிட்டர். நிமிடத்துக்கு 200 லிட்டர் இறைக்கும் சிறு நீர்மூழ்கிப் பம்பு இருந்தால் மூன்றேகால் மணி நேரம் ஆகும். வாளி எடுத்து இறைத்தால் 10 லிட்டர் வாளியில் 3,900 முறை குனிந்து நிமிர வேண்டும்.

அடுக்ககத்தின் கார் நிறுத்துமிடம் இதைவிடப் பல மடங்கு பெரிது. 40 மீட்டர் நீளம், 25 மீட்டர் அகலம் உள்ள ஒரு தளத்தில் ஒரு மீட்டர் உயரம் நீர் நின்றால் பத்து இலட்சம் லிட்டர். எடையில் ஆயிரம் டன். நிமிடத்துக்கு 500 லிட்டர் இறைக்கும் இரண்டு அங்குல பெட்ரோல் பம்பு ஒன்றை வைத்தால் 33 மணி நேரம் ஓட வேண்டும். ஆயிரம் லிட்டர் இறைக்கும் மூன்று அங்குல பம்புக்குக்கூட ஏறக்குறைய 17 மணி நேரம். தண்ணீரை மேலே தூக்கும் உயரம் கூடக்கூட, குழாய் நீளம் கூடக்கூட, பம்பின் வேகம் குறையும். சேறும் பிளாஸ்டிக் பையும் அடைத்துக்கொள்ளும் நேரத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இதற்கு இரண்டு பம்பு, இரவு பகலாக மாறி மாறி நிற்க ஆள், எரிபொருள், தண்ணீரைக் கொண்டுபோய் விட ஓர் இடம் ஆகிய நான்கும் வேண்டும். வெள்ளம் வந்த மறுநாள் கடைக்கு ஓடினால் பம்பு கிடைக்காது. ஊரே அதைத்தான் தேடிக்கொண்டிருக்கும்.

அவசரப்பட்டால் சுவர் சாயும்

பலருக்குத் தெரியாத ஓர் உண்மை உண்டு. நிலத்துக்குக் கீழே இருக்கும் அறையில் தேங்கிய நீரை மிக வேகமாக இறைப்பது ஆபத்து. வெளியே மண் நீரில் ஊறிப் போயிருக்கும்போது அது சுவரை உள்ளே தள்ளுகிறது. உள்ளே நிற்கும் நீர் அந்த அழுத்தத்தை எதிர்த்துச் சமன் செய்துகொண்டிருக்கிறது. உள்ளே இருப்பதை ஒரேயடியாக எடுத்துவிட்டால் வெளி அழுத்தம் முழுவதும் சுவர்மேல் விழும். ஒரு மீட்டர் ஆழ நீர், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தின்மேலும் அரை டன் பலத்தோடு தள்ளும். ஆழம் இரண்டு மீட்டரானால் அது இரண்டு டன். ஆழம் இரு மடங்கானால் தள்ளும் பலம் நான்கு மடங்காகிறது. தரையும் கீழிருந்து மேலே உந்தப்பட்டு வெடிக்கலாம்.

அமெரிக்காவின் மத்தியப் பேரிடர் மேலாண்மை அமைப்பான ஃபீமா இதற்கு ஒரு நடைமுறையைச் சொல்கிறது. வெளியே வெள்ளம் வடிந்த பிறகே தொடங்க வேண்டும். முதலில் ஓரடி மட்டும் இறைத்து, சுவரில் நீர்மட்டத்தைக் கோடிட்டு, ஓர் இரவு காத்திருக்க வேண்டும். மறுநாள் நீர் அந்தக் கோட்டைத் தாண்டி ஏறியிருந்தால் வெளி மண்ணில் இன்னும் நீர் அதிகம். ஒரு நாள் பொறுத்து மறுபடி ஓரடி இறைத்துப் பார்க்க வேண்டும். ஏறவில்லை என்றால் நாளுக்கு இரண்டு மூன்று அடி என்று குறைக்கலாம்.

இந்த எச்சரிக்கை மலைச்சரிவு வீடுகளுக்கும், செங்கல்லால் கட்டிய பழைய தடுப்புச் சுவர்களுக்கும் முக்கியம். அடுக்ககங்களின் பேஸ்மெண்ட் இரும்புக் கம்பி வைத்த கான்கிரீட்டால் ஆனது. அதற்குத் தாங்கும் பலம் அதிகம். ஆனாலும் விரிசல், சாய்வு, மண் சரிவு தெரிந்தால் பொறியாளர் பார்க்காமல் யாரும் கீழே இறங்கக்கூடாது. சாலையைவிடத் தாழ்ந்த தரை வீட்டில் இந்த ஆபத்து குறைவு. அங்கே தெருவில் நீர் வடியும் வரை பொறுத்திருப்பதே போதும்.

உயிர் போகும் மூன்று இடங்கள்

முதலாவது மின்சாரம். கூடத்தில் முழங்கால் அளவு நீர் நிற்கும்போது சுவிட்ச் பெட்டியைத் தேடி நடந்து போவது பெரும் ஆபத்து. முதன்மைச் சுவிட்சை நீர் நுழையும் முன்பே அணைத்துவிட வேண்டும். தவறிவிட்டால் தெனாகா நேஷனலின் 15454 எண்ணுக்கு அழைத்து இணைப்பைத் துண்டிக்கச் செய்த பிறகே உள்ளே போக வேண்டும். வெள்ளத்தில் நனைந்த மின்சாதனத்தைக் காய்ந்துவிட்டது என்று நம்பி மறுபடி செருகக்கூடாது.

இரண்டாவது புகை. பெட்ரோல் பம்பையும் ஜெனரேட்டரையும் வீட்டுக்குள்ளோ பேஸ்மெண்டிலோ வைத்து ஓட்டினால் கார்பன் மோனாக்சைடு வாயு சேரும். அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. தலைவலி, மயக்கம் என்று தொடங்கி, எழுந்து நடக்க முடியாமலே உயிர் போய்விடும். இயந்திரம் எப்போதும் வெளியே, சன்னலிலிருந்தும் கதவிலிருந்தும் தள்ளி நிற்க வேண்டும். குழாய் மட்டும்தான் உள்ளே போக வேண்டும்.

மூன்றாவது கார். 2022 செப்டம்பரில் ஹின்னம்னோர் சூறாவளி தென்கொரியாவின் போஹாங் நகரைத் தாக்கியது. ஓர் அடுக்ககத்தின் நிலத்தடிக் கார் நிறுத்துமிடத்தில் இருந்த கார்களை வெளியே எடுக்கும்படி அறிவிப்பு வந்தது. கீழே இறங்கியவர்கள் சில நிமிடங்களில் பாய்ந்த நீரில் சிக்கினர். ஏழு பேர் இறந்தனர். சரிவுப் பாதை வழியாக வரும் நீர் ஆறு போலப் பாயும். எதிர்த்து ஏற முடியாது. காருக்குக் கடன் இன்னும் ஐந்து ஆண்டு இருந்தாலும், நீர் நுழையத் தொடங்கிய பிறகு பேஸ்மெண்டுக்கு இறங்கக்கூடாது. காரை மேலே கொண்டுவருவதென்றால் மழை எச்சரிக்கை வந்தவுடன் செய்ய வேண்டும்.

இவை தவிர எலிச் சிறுநீர்க் காய்ச்சல் உண்டு. வெறுங்காலோடு சேற்றில் இறங்கியவர்களுக்கு இரண்டு நாளிலிருந்து முப்பது நாளுக்குள் காய்ச்சல், தலைவலி, கெண்டைக்கால் வலி வந்தால் கிளினிக்கில் "வெள்ளத் தண்ணீரில் வேலை செய்தேன்" என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு வரி மருத்துவருக்குப் பெரிய உதவி. ரப்பர் பூட்ஸ், கையுறை ஆகியவற்றை ஆடம்பரம் என்று நினைக்கக்கூடாது.

பம்பு இருக்கிறது; ஆனால் ஓடவில்லை

பேஸ்மெண்ட் உள்ள அடுக்ககங்களில் நீர் சேரும் குழியும், அதில் நீர்மூழ்கிப் பம்பும் பொதுவாக இருக்கும். வழக்கமாக இரண்டு பம்புகள்; ஒன்று பழுதானால் மற்றொன்று ஓட வேண்டும். நீர்மட்டம் ஏறியதும் மிதவைச் சுவிட்ச் அதைத் தானாக இயக்கும். காகிதத்தில் எல்லாம் சரி. வெள்ளத்தின்போது அது ஓடாததற்குப் பெரும்பாலும் நான்கு காரணங்கள் உண்டு.

பம்பின் மின்பெட்டி அதே பேஸ்மெண்டில் தாழ்வாக மாட்டப்பட்டிருக்கும். முதலில் மூழ்குவது அதுதான். வெள்ளம் வந்ததும் பாதுகாப்புக்காக மின்சாரம் துண்டிக்கப்படும். மாற்று ஜெனரேட்டர் இல்லையென்றால் பம்பு தேவைப்படும் நேரத்தில் நின்றுவிடும். குழியில் குப்பையும் சேறும் நிறைந்து மிதவை அசையாமல் போயிருக்கும். கடைசியாக, பம்பு வெளியேற்றும் நீர் போய்ச் சேரும் வடிகால் ஏற்கெனவே நிரம்பியிருக்கும். ஒருவழி வால்வு இல்லாவிட்டால் நீர் அதே குழாயில் திரும்பி வரும்.

இந்த நான்கையும் வறண்ட மாதத்தில் சரிசெய்துவிடலாம். மின்பெட்டியை மேலே மாற்றுவதும், குழியைத் தூர்வாருவதும், வால்வு பொருத்துவதும் பெரிய பொறியியல் அல்ல. ஆனால் அதற்குப் பணம் வேண்டும். அங்கேதான் பராமரிப்புக் கட்டணப் பிரச்சினை வருகிறது.

2013ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டத்தின்படி பேஸ்மெண்ட், பம்பு, மின்தூக்கி ஆகியவை பொதுச் சொத்து. அவற்றைப் பராமரிப்பது கூட்டு நிர்வாக மன்றத்தின் அல்லது நிர்வாகக் கழகத்தின் கடமை. மாதக் கட்டணத்தோடு அதில் பத்து விழுக்காடு சேமநிதியாகவும் வசூலிக்கப்படுகிறது. மலிவு விலை அடுக்ககங்கள் பலவற்றில் கட்டணம் கட்டாதோர் அதிகம். "லிஃப்டே ஓடவில்லை, எதற்குக் கட்ட வேண்டும்?" என்பது அவர்கள் வாதம். பணம் வராததால் லிஃப்ட் ஓடவில்லை என்பது நிர்வாகத்தின் வாதம். இரண்டிலும் உண்மை உண்டு. தண்ணீருக்கு அந்த வாதம் தெரியாது. கட்டியவர் காரும் கட்டாதவர் காரும் சேர்ந்தே மூழ்கும்.

நிர்வாகம் பணம் வாங்கிக்கொண்டு பராமரிக்காமல் விட்டால் முறையிட இடம் உண்டு. ஒவ்வோர் ஊராட்சி மன்றத்திலும் கட்டட ஆணையர் இருக்கிறார். அடுக்குமாடி நிர்வாகத் தீர்ப்பாயம் 250,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கிறது. அதற்கு ஆதாரம் தேவை. பம்பு பழுது என்று எழுத்தில் கொடுத்த புகார், தேதியுள்ள படம், ஆண்டுப் பொதுக்கூட்டக் குறிப்பு ஆகியவை வெள்ளத்துக்கு முன்பே கையில் இருக்க வேண்டும்.

தோட்ட வீடுகளில் பொறுப்பு வேறு இடத்தில் நிற்கிறது. 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் வீடமைப்பு குறைந்தபட்சத் தரச் சட்டம், முதலாளி தரும் குடியிருப்பை நல்ல நிலையில் வைத்திருக்கும் கடமையை முதலாளிமேல் வைக்கிறது. லயத்தைச் சுற்றிய கால்வாய் தூர்ந்து கிடந்தால் தொழிலாளர் துறையிடம் முறையிடலாம். தொழிற்சங்கக் கிளை மூலம் எழுத்தில் கொடுப்பது பயனுள்ளது.

சிங்கப்பூர் எடுத்த பாதை

2010 ஜூன் 16ஆம் தேதி சிங்கப்பூரின் ஆர்ச்சர்ட் சாலை வெள்ளத்தில் மூழ்கியது. கடைத்தொகுதிகளின் பேஸ்மெண்டுகளில் நீர் புகுந்தது. அதன் பிறகு அங்கே இரண்டு வேலைகள் நடந்தன. அரசாங்கம் ஸ்டாம்ஃபர்ட் வடிகால் பகுதியில் நீர்த்தேக்கத் தொட்டியும் திசைதிருப்புக் கால்வாயும் கட்டி 2018இல் முடித்தது. பொதுப் பயனீட்டுக் கழகம் கட்டடங்களின் தரைமட்டத்துக்கும் பேஸ்மெண்ட் நுழைவாயிலின் உயரத்துக்கும் விதிகளைக் கடுமையாக்கியது. சரிவுப் பாதையின் வாயிலில் ஒரு மேடு இருந்தால், சாலையில் நீர் நின்றாலும் அது உள்ளே வழியாது. இறைப்பதைவிட நுழையாமல் தடுப்பது மலிவு என்பதை அந்த விதி சொல்கிறது.

மலேசியாவிலும் 2007இல் திறக்கப்பட்ட 9.7 கிலோமீட்டர் ஸ்மார்ட் சுரங்கம் கோலாலம்பூர் நகர மையத்துக்குப் பெரும் துணையாக இருக்கிறது. ஆனால் நகர மையத்தைக் காக்கும் திட்டம் புறநகர்த் தாமானையோ தோட்டத்து லயத்தையோ காக்காது. அங்கே தேவைப்படுவது சிறிய வேலைகள்: தூர்வாரிய வடிகால், ஓடும் பம்பு நிலையம், பழைய தாரைச் சுரண்டிய பிறகு போடும் புதுத் தார். இவை திறப்பு விழா காணாத வேலைகள். ஆகவே கேட்கும் குரல் இல்லாவிட்டால் பட்டியலில் கீழே போய்விடும்.

காப்புறுதியில் இருக்கும் ஓட்டை

வீட்டுக் கடன் எடுத்தபோது வங்கி காப்புறுதி எடுக்கச் சொன்னது. ஆகவே வெள்ளத்துக்கும் பணம் வரும் என்று பலர் நம்புகிறார்கள். அடிப்படைத் தீ காப்புறுதி வெள்ளச் சேதத்தை உள்ளடக்காது. வீட்டுரிமையாளர் காப்புறுதி கட்டடத்துக்கான வெள்ளச் சேதத்தை ஏற்கும். வீட்டுக்குள் இருக்கும் மெத்தை, குளிர்ப்பெட்டி, தொலைக்காட்சிக்கு இல்லத்தார் காப்புறுதி தனியாக வேண்டும். காருக்கு முழுமைக் காப்புறுதி இருந்தாலும் வெள்ளத்துக்கான சிறப்புச் சேர்க்கையைக் கேட்டு வாங்கியிருக்க வேண்டும். அடுக்ககத்தின் பொதுக் காப்புறுதியில் வெள்ளம் சேர்ந்திருக்கிறதா என்பதை நிர்வாகத்திடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அது குடியிருப்பாளரின் உரிமை.

காப்புறுதி இருந்தால் சேற்றைக் கழுவும் முன் படம் எடுக்க வேண்டும். சுவரில் நீர் ஏறிய கோடு, மூழ்கிய பொருள்களின் மாடல் எண் ஆகியவை தெரியும்படி எடுப்பது நல்லது. சுத்தம் செய்துவிட்டுப் பிறகு சேதத்தை நிரூபிப்பது கடினம்.

நீர் போன பிறகும் வேலை முடிவதில்லை

கடைசிச் சாண் நீரைப் பம்பு எடுக்காது. துடைப்பமும் தள்ளுகட்டையும்தான் எடுக்கும். சேறு ஈரமாக இருக்கும்போதே தள்ளிவிட வேண்டும். காய்ந்தால் சிமெண்ட் போலப் பிடித்துக்கொள்ளும். 24 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரத்துக்குள் காய வைக்காத சுவரிலும் மெத்தையிலும் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். முதலில் சோப்பு நீரில் கழுவி, பிறகு குளோரின் கலந்த நீரால் துடைப்பது சரியான வரிசை. குளோரினோடு கழிவறை அமிலத்தைக் கலந்தால் நச்சு வாயு வரும்.

அடுக்ககங்களில் ஒரு விஷயத்தை எளிதாக மறந்துவிடுகிறார்கள். சில கட்டடங்களில் குடிநீரை மேலே ஏற்றும் கீழ்த்தொட்டி பேஸ்மெண்டிலேயே இருக்கும். அதில் வெள்ள நீர் கலந்திருந்தால் பத்தாவது மாடியில் இருப்பவருக்கும் அதே நீர்தான் குழாயில் வரும். தொட்டியைக் காலி செய்து, கழுவி, குளோரின் இட்டுச் சுத்தம் செய்யும் வரை அந்த நீரைக் குடிக்கக்கூடாது. மேல்மாடியில் இருப்பவருக்கு வெள்ளம் சம்பந்தமில்லை என்பது தவறு.

கார்களிலிருந்து கசிந்த எண்ணெய் மிதக்கும் நீரை அப்படியே வடிகாலில் விடுவதும் தவறு. கீழே வாழும் தாமான்தான் அதைச் சுமக்கும். மேல்படலத்தை உறிஞ்சி எடுக்க உரிமம் பெற்ற குத்தகையாளரை நிர்வாகம் அழைக்க வேண்டும்.

மழைக்கு முன் கேட்க வேண்டியவை

தனி மனிதர் செய்யக்கூடியது சிறிதுதான்: வீட்டுத் துளைகளுக்கு ஒருவழி வால்வு, உயரத்தில் வைத்த ஆவணங்கள், காப்புறுதியில் ஒரு சேர்க்கை. மீதமெல்லாம் கூட்டு வேலை. குடியிருப்பாளர் சங்கம், கோவில் நிர்வாகம், ருக்குன் தெத்தாங்கா என்று ஏதோ ஓர் அமைப்பு ஒவ்வொரு தாமானிலும் இருக்கிறது. 2021இல் சோறு சமைத்துப் படகில் கொண்டுபோய்க் கொடுத்தவர்களில் இத்தகைய அமைப்புகளும் உண்டு. அதே கரங்கள் இரண்டு பெட்ரோல் பம்பு, நீண்ட குழாய், பத்து ஜோடி பூட்ஸ் வாங்கிப் பொது இடத்தில் வைத்திருந்தால், வெள்ளத்தின் மறுநாள் முப்பது வீடுகள் முறை போட்டுப் பயன்படுத்தலாம். கோவில் மண்டபம் மேட்டில் இருந்தால் அதைவிட நல்ல இடம் கிடைக்காது.

அடுத்த பொதுக்கூட்டத்தில் ஐந்து கேள்விகளைக் கேட்டாலே போதும். பேஸ்மெண்ட் பம்பைக் கடைசியாக எப்போது ஓட்டிப் பார்த்தார்கள்? அதன் மின்பெட்டி எந்த உயரத்தில் இருக்கிறது? மின்சாரம் போனால் எதில் ஓடும்? பொதுக் காப்புறுதியில் வெள்ளம் இருக்கிறதா? மழை எச்சரிக்கை வந்தால் கார்களை எடுக்கச் சொல்லி எந்த நேரத்தில், யார் அறிவிப்பார்?

தரை வீட்டுத் தாமான்களில் கவுன்சிலரிடம் கேட்க வேண்டியவை இரண்டு. பம்பு நிலையத்தை யார் பராமரிக்கிறார்கள்? அடுத்த முறை தார் போடும்போது பழையதைச் சுரண்டி எடுப்பார்களா?

இந்தக் கேள்விகளுக்குப் பதில் எழுத்தில் வர வேண்டும். ஜூலை மாதத்தில் ஓட்டிப் பார்க்காத பம்பு டிசம்பர் மாதத்து இரவில் ஓடும் என்று நம்புவதற்கு எந்தக் காரணமும் இல்லை.